மூட்டிலிருந்து மூச்சுக்கு: மறுக்கப்பட்ட ஒரு ஸ்லீப் அப்னியா கிளெய்ம்

அத்தானின் இழப்பீட்டுக் கிளெய்மை மறுத்து, அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் கடிதம் வந்தது 2022 மார்ச்சில். அக்கா அதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குரல் செய்தி: "உங்க அத்தான் இதை டிராயர்ல போட்டு மூடிட்டாரு. போனது போகட்டும்ங்கறாரு. நீ ஒரு தடவை படிச்சுப் பாரேன்டா."

படித்தேன். அன்று ராத்திரி மூன்று முறை படித்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தக் கோப்போடுதான் போனது. அத்தானுக்குச் சட்டப்படி பிரதிநிதியாக இருந்தவர் அவர்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், முன்னாள் படைவீரர் உதவி அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்ற ஓர் அம்மா. நான் காகிதங்களைப் படித்து, தேதிவாரியாக அடுக்கி, கேள்வி கேட்டவன், அவ்வளவுதான். அத்தானின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர் வேண்டாம் என்றார்.

அமெரிக்கப் படையில் தமிழர்கள் பெரிய எண்ணிக்கையில் இல்லை. ஆனால் 2009-ல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில் பலர் சேர்ந்தார்கள். கிரீன் கார்டு இல்லாமல் மாணவர் விசா போன்றவற்றில் சட்டப்படி இருப்பவர்களில், ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-க்குப் பிறகு புதிதாக ஆள் எடுக்கவில்லை. அப்போது சேர்ந்தவர்கள் இன்றைக்கு நாற்பதைத் தொட்டும் தாண்டியும் இருக்கிறார்கள். குறட்டையும் மூட்டுவலியும் எட்டிப்பார்க்கும் வயது. அவர்களில் ஒருவர் வீட்டிலாவது இதே மாதிரி ஒரு கடிதம் டிராயரில் கிடக்கும் என்ற எண்ணத்தில்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆளும் உடம்பும்

அத்தான் சேர்ந்தது 2009-ல். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், எடை 146 பவுண்டு. 2011-ல் ஆப்கானிஸ்தானில் பக்ராம் தளம். எட்டுப் பேருக்கு ஒரு ப்ளைவுட் குடில். தளத்தின் குப்பையைத் திறந்த குழியில் போட்டு எரிப்பார்கள். பிளாஸ்டிக், டயர், பேட்டரி எல்லாம் அதில்தான் போகும். காற்று திரும்பினால் புகை குடிலுக்குள் வரும். அங்கே மூக்கடைப்புக்கும் காலைத் தலைவலிக்கும் இரண்டு முறை மருத்துவக் கூடாரத்துக்குப் போய் மாத்திரை வாங்கியதற்குப் பதிவு இருக்கிறது. திரும்பி வந்த பிறகு, முதுகில் மூட்டையோடு போகும் நடைப்பயிற்சி ஒன்றில் வலது முழங்கால் திரும்பி மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்தது. 2013-ல் வெளியே வரும்போது முழங்காலுக்கு 10 சதவீதம், காது இரைச்சலுக்கு 10 சதவீதம் என்று ரேட்டிங், அதாவது இழப்பீட்டுக்கான பாதிப்பு அளவு, கிடைத்தது.

அப்புறம் அவர் ஓடவில்லை. ஓட முடியவில்லை. 2013-ல் 161 பவுண்டு, 2016-ல் 185, 2019-ல் 212.

ஸ்லீப் அப்னியா என்பதைத் தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நிற்பது என்று சொல்லலாம். தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதை மூடிக்கொள்ளும். மூளை பதறி எழுப்பும், மூச்சு திரும்பும், மறுபடி மூடும். தூங்குகிறவருக்கு எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். குறட்டை நின்றதும் அக்காவுக்கு முழிப்பு வந்துவிடுமாம். இருட்டில் படுத்தபடியே ஒன்று, இரண்டு என்று எண்ணுவாளாம். முப்பது தாண்டினால் தோளைப் பிடித்து உலுக்குவாளாம். இதை ஒரு நாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

2019-ல் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். மணிக்கு 34 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று வந்தது. 5-லிருந்து 15 வரை லேசானது, 15-லிருந்து 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் சிபாப் கருவியை எழுதிக் கொடுத்தார்கள்.

2021 செப்டம்பரில் கிளெய்ம் போட்டார். தனியாகவே போட்டார். காரணம் எழுதும் இடத்தில் ஒரே வரி: "படையில் இருந்தபோதே குறட்டை இருந்தது." ஆறு மாதத்தில் மறுப்பு.

கடிதம் என்ன சொன்னது

பணித்தொடர்பு, அதாவது சர்வீஸ் கனெக்‌ஷன், ஒரு முக்காலி. இன்றைக்கு நோய் இருக்க வேண்டும், பணிக்காலத்தில் ஒரு நிகழ்வோ காயமோ நோயோ இருந்திருக்க வேண்டும், இரண்டையும் இணைக்கும் மருத்துவக் காரணம் வேண்டும். அந்த இணைப்பைத்தான் நெக்ஸஸ் என்கிறார்கள். அத்தானின் கடிதத்தில் முதல் கால் உறுதியாகவே நின்றது. "சாதகமான கண்டறிதல்கள்" என்ற தலைப்பில், நோய் உறுதிசெய்யப்பட்டிருக்கிறது என்று துறையே எழுதிக்கொடுத்திருந்தது. அந்தப் பகுதியைப் பலரும் படிப்பதில்லை. ஆனால் அதில் இருப்பது அடுத்தடுத்த கட்டங்களில் துறையைக் கட்டுப்படுத்தும். தெளிவான மாற்றுச் சான்று இருந்தாலொழிய அதை மறுபடி கிளற முடியாது. நாம் திரும்ப நிரூபிக்க வேண்டியதில்லை.

மற்ற இரண்டு கால்களும் உடைந்திருந்தன. பணிக்காலத்தில் ஸ்லீப் அப்னியா பதிவு எதுவும் இல்லை. வெளியேறும்போது நிரப்பிய டி.டி. 2807-1 படிவத்தில் அடிக்கடி தூக்கப் பிரச்சினை உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று அத்தானே டிக் போட்டிருந்தார். "உண்டு என்று போட்டால் இன்னும் நாலு டாக்டரைப் பார்க்கணும், ஊருக்குப் போறது தள்ளிப்போகும்" என்று எல்லோரும் இல்லை போட்டார்களாம். அந்த ஒரு டிக்கை எதிர்த்துத்தான் அவருடைய ஒற்றை வரி நின்றது.

ஆனால் கடிதத்தில் இருப்பது சுருக்கம்தான். துறையின் சார்பில் அத்தானைப் பரிசோதித்த மருத்துவர், அதாவது பரிசோதகர், உண்மையில் என்ன எழுதினார் என்பது கோப்பில் இருக்கும். 20-10206 படிவம் போட்டு முழுக் கோப்பையும் கேட்டோம். வர மாதக்கணக்கில் ஆனது. மறுப்பு வந்தால் ஆத்திரத்தில் உடனே அப்பீல் எழுத உட்காராமல் முதலில் கோப்பைக் கேட்க வேண்டும் என்று அந்தக் கவுண்டி அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று அது வந்தபோதுதான் புரிந்தது. சி அண்ட் பி என்கிற அந்த இழப்பீட்டுப் பரிசோதனையை நடத்திய ஒப்பந்த மருத்துவர் தொலைபேசியில் பேசிவிட்டு இரண்டே வாக்கியம் எழுதியிருந்தார். பணிக்காலத்தில் தூக்கப் பரிசோதனை செய்ததற்குப் பதிவு இல்லை. நோய்க்குக் காரணம் உடல் பருமன்.

இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரி, பருமன்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பருமனுக்கு என்ன காரணம்?

வழியை மாற்றினோம்

இந்தக் கேஸின் திருப்பம் இதுதான். அத்தான் கேட்டது நேரடித் தொடர்பு: படையில் தொடங்கியது என்று. அந்த வழியில் 2013 டிக் குறுக்கே படுத்திருக்கிறது. ஆனால் துறையின் விதி 3.310 இன்னொரு வழி தருகிறது. ஏற்கெனவே பணித்தொடர்பு பெற்ற ஒரு கோளாறு இன்னொன்றை உண்டாக்கினாலோ, இருப்பதை மோசமாக்கினாலோ, அந்த இரண்டாவதும் பணித்தொடர்பு பெறும். மோசமாக்குவதும் சேரும் என்பதை 1995-ன் ஆலன் எதிர் பிரவுன் வழக்கு நிலைநாட்டியது. இந்த வழியில் போனால், படையில் இருந்தபோது அப்னியா இருந்ததா என்ற கேள்வியே எழாது. அந்த டிக்கும் தடையாக நிற்காது.

அத்தானிடம் ஏற்கெனவே முழங்கால் இருந்தது. 2017-ல் துறையின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் ஒரு சட்டக் கருத்து வெளியிட்டது. பருமன் தனியாக இழப்பீடு பெறும் நோய் ஆகாது, ஆனால் பணித்தொடர்புள்ள கோளாறுக்கும் புதிய நோய்க்கும் நடுவில் ஒரு படியாக இருக்கலாம் என்றது. மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். முழங்கால் பருமனை உண்டாக்கியதா? அந்தப் பருமன் அப்னியா வருவதற்குக் கணிசமான காரணமா? பருமன் இல்லாவிட்டால் அப்னியா வந்திருக்காதா? மூன்றுக்கும், ஆம் என்பதற்கான வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதி இருந்தால் போதும். 2020-ல் வால்ஷ் எதிர் வில்கி, 2021-ல் கார்னர் எதிர் ட்ரான் வழக்குகளில் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பாதையை இன்னும் அகலமாக்கியது. கோளாறு பருமனை உண்டாக்காமல் மோசமாக்கியிருந்தாலும் பார்க்க வேண்டும், கோப்பிலிருந்தே அந்த வாதம் எழுகிறதென்றால் கேட்காவிட்டாலும் பரிசீலிக்க வேண்டும் என்றது.

அதாவது, முதல் பரிசோதகர் நம்மை மறுக்க எழுதிய வாக்கியமே நம்முடைய இரண்டாவது படிக்கு ஆதாரம்.

கோப்புக்காகக் காத்திருந்த நேரத்தில், 2022 ஆகஸ்ட் 10 அன்று பாக்ட் சட்டம் கையெழுத்தானது. எரிகுழிப் புகையில் இருந்தவர்களுக்குப் பல நோய்களை, தனியாக இணைப்பை நிரூபிக்காமலே ஏற்கும் சட்டம். ஸ்லீப் அப்னியா அந்தப் பட்டியலில் இல்லை. இருப்பதாக நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. ஆனால் நாள்பட்ட ரைனிடிஸ், அதாவது தீராத மூக்கழற்சி, இருக்கிறது. மூக்கு அடைத்தால் வாயால் மூச்சுவிட வேண்டும். அது தொண்டை மூடுவதை மோசமாக்கும் என்பதற்கு மருத்துவ விளக்கம் உண்டு. எனவே அதற்கும் தனியாகக் கிளெய்ம் போட்டோம்.

2023 ஜனவரியில் முடிவு வந்தது. ரைனிடிஸ் ஏற்கப்பட்டது, 0 சதவீதம். அத்தான் போனில் கொதித்தார். "சைபர் கொடுக்கறதுக்கு எதுக்குப்பா கடிதாசு?" மூக்கு இரு பக்கமும் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலோ, ஒரு பக்கம் முழுதாக அடைத்திருந்தாலோதான் 10 சதவீதம். பரிசோதனை அன்று அவருக்கு அவ்வளவு அடைப்பு இல்லை. நான் சொன்னேன்: "அத்தான், பணம் சைபர்தான். ஆனா பணித்தொடர்பு முழுசா கிடைச்சாச்சு. இது மேல இன்னொன்னை ஏத்தலாம்." 0 சதவீதம் வந்தால் தோற்றுவிட்டோம் என்று நினைத்து அதோடு விட்டுவிடுகிறார்கள். அது தவறு. 0-வும் ஓர் ஏற்புதான்.

சான்றுகள்

மறுப்புக்குப் பிறகு மூன்று பாதைகள் உண்டு. 2019 பிப்ரவரி 19 முதல் இந்த முறைதான் நடைமுறையில் இருக்கிறது. புதிய, பொருத்தமான சான்றோடு 20-0995 படிவத்தில் துணைக் கிளெய்ம். புதிய சான்று எதுவுமின்றி, இருக்கும் கோப்பை மூத்த அதிகாரி ஒருவர் மறுபடி பார்க்க 20-0996. மேல்முறையீட்டு வாரியத்துக்கு நேரே போக 10182. கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் எதையாவது போட்டால், முதல் கிளெய்ம் தேதி கையில் இருக்கும். ஒரு நாள் தவறினால் பழைய மாதங்களுக்கான பணம் போகும். எங்களிடம் புதிய சான்று இருந்தது, ஆக முதல் பாதை. பதினோரு மாதம் ஓடியிருந்தது. 2023 பிப்ரவரியில் பதிவு செய்தோம்.

அந்தச் சான்றில் அதிகம் உழைத்தது நெக்ஸஸ் கடிதத்துக்கு. அத்தானுக்குச் சிகிச்சை தரும் தூக்க மருத்துவரிடமே கேட்டோம். இணையத்தில் ஆளைப் பார்க்காமலே ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு இந்தக் கடிதம் எழுதித்தரும் கடைகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகவில்லை. நான்கு வருடமாகப் பார்க்கும் மருத்துவரின் ஒரு பக்கம், முகம் பார்க்காதவரின் பத்துப் பக்கத்தைவிட எடை கூடியது என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் கடிதத்தில் அவர் எழுதியது இது: முழங்கால் காயம் எடை அதிகரிப்புக்குப் பங்களித்திருக்கலாம், அது அப்னியாவுக்குக் காரணமாக இருக்கலாம். நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் அந்த இரண்டு "லாம்" போதும், கேஸ் கவிழ்ந்துவிடும். இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம் என்று 1992-லேயே டிர்பாக் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது ஊகம், சான்றாகாது. மருத்துவர்கள் நிதானத்துக்காக எழுதும் சொல் அது. இங்கே அளவுகோல் வேறு என்பது அவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

நாங்கள் இப்படி எழுதுங்கள் என்று சொல்லவில்லை. அந்த மூன்று கேள்விகளையும், "குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்ற அளவுகோலையும், கோப்பிலிருந்து எடுத்த ஒரு தாளையும் கொடுத்தோம். அந்தத் தாளை நானும் அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தயாரித்தோம். இடது பக்கம் தேதி, நடுவில் எடை, வலது பக்கம் அன்றைய மருத்துவக் குறிப்பு. 2013: 161 பவுண்டு, ஓட வேண்டாம் என்று எலும்பு மருத்துவர். 2014: பிசியோதெரபியில் படியேறும்போது வலி. 2016: 185, நீச்சல் முயன்று முழங்கால் வீங்கி நிறுத்தம். 2019: 212, உடல் நிறைக் குறியெண் 33, தூக்கப் பரிசோதனை 34. தனித்தனிக் காகிதங்களாக இருந்தபோது யாருக்கும் தெரியாதது, ஒரே தாளில் வரிசையாக வந்தபோது பளிச்சென்று தெரிந்தது.

மருத்துவர் அந்தத் தாளை வாங்கி, கோப்பைத் தானும் பார்த்து, ஒன்றரைப் பக்கம் எழுதினார். அதில் "ஏன்" இருந்தது. எடை எந்தக் காலத்தில் ஏறியது, அதற்கு முன் உணவும் வேலையும் எப்படி இருந்தன, கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது காற்றுப்பாதை எப்படிக் குறுகுகிறது, வேறு காரணங்களை ஏன் ஒதுக்கினார் என்று வரிசையாக இருந்தது. 2008-ன் நியேவ்ஸ்-ரோட்ரிகஸ் வழக்கு சொன்னது இதைத்தான்: மருத்துவக் கருத்தின் மதிப்பு அதன் காரண விளக்கத்தில் இருக்கிறது. கோப்பைப் பார்த்தேன் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது.

அடுத்து, 21-10210 படிவத்தில் சாட்சிக் கடிதங்கள். அக்கா எண்ணுவதைப் பற்றி எழுதினாள். எந்த வருடம் முதல் என்பதையும் எழுதினாள்: 2017-ல் இரண்டாவது பெண் பிறந்த பிறகு. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நோயின் பெயரை மட்டும் மருத்துவர் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மருத்துவப் பதிவு இல்லை என்பதை மட்டும் வைத்து அந்தச் சொல்லைத் தள்ளக் கூடாது என்று 2006-ல் புக்கானன் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

இன்னொரு கடிதம் பக்ராம் குடிலில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவருடையது. இங்கே ஒரு சங்கடம் வந்தது. மூச்சு நின்று நின்று வந்தது என்று அவர் எழுத வேண்டும் என அத்தான் ஆசைப்பட்டார். அவரோ, "குறட்டை பயங்கரம், மூக்கு எப்பவும் அடைச்சிருக்கும், காலைல தலையைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருப்பே. மூச்சு நின்னதை நான் பார்க்கலை" என்றார். அத்தானுக்கு முகம் வாடியது. பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பொய் கூடாது என்பது முதல் காரணம். இன்னொன்றும் உண்டு. 2011-ல் ஒல்லியாக இருந்தபோதே மூச்சு நின்றது என்றால், பருமன் இல்லாவிட்டால் அப்னியா வந்திருக்காது என்ற மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் சொல்வது? உள்ளதை உள்ளபடி எழுதிய அந்தக் கடிதம், மூக்கடைப்பு அங்கேயே தொடங்கியதற்குச் சான்றாகவும் நின்றது, முழங்கால் வழியையும் கெடுக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு

2023 ஆகஸ்டில் மறுபடி மறுப்பு. அக்கா அழுதுவிட்டாள்.

புதிய பரிசோதகர், மறுபடி ஒப்பந்த மருத்துவர்தான், ரைனிடிஸ் அப்னியாவை "உண்டாக்குவதில்லை" என்று எழுதியிருந்தார். மோசமாக்கியதா என்பதைத் தொடவில்லை. முழங்கால் பருமனுக்குக் காரணமா என்பதற்கு, எடை என்பது உணவுப் பழக்கத்தால் வருவது என்று பொதுவாக ஒரு வரி. எங்கள் மருத்துவரின் ஒன்றரைப் பக்கத்தைப் படித்ததற்கோ, எடைத் தாளைப் பார்த்ததற்கோ அறிகுறி இல்லை.

இப்போது கூடுதல் சான்று தேட வேண்டும் என்று அத்தான் நினைத்தார். கவுண்டி அம்மா மறுத்தார். இந்தக் கேஸில் அவர் எடுத்த மிகச் சரியான முடிவு அது. சான்று கோப்பில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. குறை பரிசோதனையில் இருக்கிறது. குறையுள்ள பரிசோதனையை வைத்து முடிவெடுத்தது, கிளெய்மருக்கு உதவும் கடமையில் ஏற்பட்ட பிழை. அதைச் சுட்டிக்காட்ட ஏற்ற இடம் இரண்டாவது பாதை, மூத்த அதிகாரியின் மறுபார்வை. அதில் புதிதாக ஒரு காகிதமும் கொடுக்க முடியாது. ஆனால் தொலைபேசியில் அதிகாரியோடு ஒருமுறை பேசக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பேச்சில் உணர்ச்சிவசப்பட்டுத் தூக்கம் கெட்ட கதையைச் சொல்லத்தான் மனம் போகும். கவுண்டி அம்மா அதைச் செய்யவில்லை. மூன்று குறிப்பு, கோப்பின் பக்க எண்களோடு. ஒன்று, காரணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு மோசமாக்குவதைப் பற்றிப் பேசாத கருத்து போதாது, 2013-ன் எல்-அமீன் வழக்கு. இரண்டு, பருமன் நடுப்படி பற்றிய மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. மூன்று, சாதகமான மருத்துவக் கடிதத்தை ஏன் ஏற்கவில்லை என்று விளக்கம் இல்லை. சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்றார் அத்தான்.

மூத்த அதிகாரி பிழையை ஒப்புக்கொண்டு, புதிய மருத்துவக் கருத்து வாங்கும்படி திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்பிய உத்தரவில் அந்த மூன்று கேள்விகளும் அச்சாகியிருந்தன. மூன்றாவது பரிசோதகர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினார். முழங்கால் காரணமாக எடை ஏறியது: பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு உண்டு. பருமன் கணிசமான காரணம்: ஆம். பருமன் இல்லாவிட்டால் வந்திருக்காது: பாதிக்குப் பாதி. இழுபறியாக இருந்தால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கு என்பது சட்டம். 1990-ன் கில்பர்ட் வழக்கிலிருந்து நீதிமன்றம் அதைச் சொல்லிக்கொண்டே வருகிறது.

2024 மே மாதம் ஏற்பு வந்தது. முழங்கால் வழியாக, ஸ்லீப் அப்னியாவுக்கு 50 சதவீதம்.

கணக்கு

துறையின் ரேட்டிங் பட்டியலில் ஸ்லீப் அப்னியாவுக்கான குறிமுறை 6847-ன் கீழ், அறிகுறி இல்லாவிட்டால் 0, பகலில் தீராத தூக்கக் கலக்கம் இருந்தால் 30, சிபாப் போன்ற கருவி மருத்துவ ரீதியாகத் தேவைப்பட்டால் 50, மூச்சுச் செயலிழப்பு போன்ற கடும் நிலைக்கு 100. கருவி வீட்டில் இருப்பது போதாது, அது தேவை என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். 2025 விகிதத்தில் தனி ஆளுக்கு 30 சதவீதம் என்றால் மாதம் சுமார் 537 டாலர், 50 என்றால் சுமார் 1,102, வரி கிடையாது. இந்த அளவுகோலை மாற்ற 2022 பிப்ரவரியில் துறை ஒரு வரைவு வெளியிட்டது. கருவியால் அறிகுறி முழுதாகக் கட்டுப்பட்டால் 0 தரும் வரைவு அது. அத்தானின் முடிவு வந்தபோது அது வெறும் வரைவுதான், அதனால் இருந்த விதியே பொருந்தியது.

சதவீதங்களை நேராகக் கூட்டுவதில்லை. நூறில் அப்னியாவின் 50 போனால் மிச்சம் 50, அதில் முழங்காலின் 10 சதவீதம் 5, ஆக 55. மிச்சம் 45-ல் காது இரைச்சலின் 10 சதவீதம் 4.5, ஆக 59.5. முழுப் பத்தாக்கினால் 60. இருபதில் இருந்தவர் அறுபதுக்கு வந்தார்.

தேதிதான் எனக்குப் பெரிய நிம்மதி. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு வருடத்துக்குள் தொடர்ந்ததால், 2021 செப்டம்பர் கிளெய்ம் தேதியே செல்லுபடியானது. ரைனிடிஸ் வழியாக மட்டும் வென்றிருந்தால் அவ்வளவு பின்னால் போயிருக்க முடியாது. ரைனிடிஸே 2022-க்குப் பிறகுதான் ஏற்கப்பட்டது. அதோடு மோசமாக்கிய வழி என்றால், அதற்கு முன்பிருந்த அளவைக் கழித்துவிட்டுத்தான் ரேட்டிங் தருவார்கள். இரண்டு வழியையும் சேர்த்தே கேட்டது நல்லதாகப் போயிற்று.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. கவுண்டி அலுவலகத்துக்கும் அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதிகளுக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர்கூட முதல் முடிவு வந்த பிறகு நடக்கும் வேலைக்குத்தான் பணம் வாங்கலாம். பழைய பாக்கியில் 20 சதவீதம் வரை நியாயம் என்று கொள்ளப்படும், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமில்லை என்று கொள்ளப்படும். அங்கீகாரமே இல்லாமல் "உங்கள் ரேட்டிங்கை ஏற்றித் தருகிறோம்" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பவர்களைக் கண்டால் கதவைச் சாத்துங்கள். அத்தானுக்கும் இரண்டு அழைப்பு வந்தது.

ஏற்புக் கடிதம் வந்த அன்று அக்காவிடம் பேசினேன். இப்போது ராத்திரி கருவியின் மெல்லிய சீறல் மட்டும்தான் கேட்குமாம். அது நடுவில் நின்றால், முகமூடி நழுவியிருக்கிறது என்று அர்த்தம். எழுந்து சரிசெய்துவிட்டுப் படுத்துக்கொள்வாளாம்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. கூட்டு ரேட்டிங் 30 சதவீதத்தைத் தொட்டால் மனைவி, பிள்ளைகளுக்கும் கூடுதல் தொகை உண்டு. அது தானாகச் சேராது. 21-686சி படிவம் போட வேண்டும். ஏற்புக் கடிதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டால் அதுவும் பழைய தேதியிலிருந்தே கணக்காகும். திருமணச் சான்றிதழ் மதுரையில் அத்தை வீட்டு பீரோவில் இருந்தது. அத்தை ஸ்கேன் செய்து அனுப்பினார். ஜூன் முதல் வாரம் படிவத்தை அனுப்பிவிட்டோம்.